உணரி என்றால் சென்சார்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிகளோடு வரும் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அதில் 'உணரி' என்று எங்கே எழுதினாலும் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். மெய்ப்புப் பார்ப்பவர் கேட்பார், பழுது பார்ப்பவர் கேட்பார், வீட்டில் இருப்பவர்களும் விடுவதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவரவர் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன். சொல்லைப் பற்றியவை முதலில், கருவியைப் பற்றியவை அப்புறம். நடுநடுவே இரண்டும் கலந்துவிடும். பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

உணரின்னா என்னங்க? சென்சாரைத்தான் சொல்றீங்களா?

ஆமாம், அதேதான். சூடு, வெளிச்சம், அழுத்தம், அசைவு, ஈரம், காந்தம், புகை என்று சுற்றுப்புறத்தில் உள்ள ஏதோ ஒன்றை உணர்ந்து, வேறொரு கருவி படித்துக்கொள்ளும்படியான சமிக்ஞையாக மாற்றித் தருவது உணரி. பெரும்பாலும் அந்தச் சமிக்ஞை மின்சாரமாக இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும், அல்லது மின்தடை கூடிக் குறையும்.

கையில் ஒரு எல்.டி.ஆர். கிடைத்தால் செய்து பாருங்கள். வெளிச்சத்தை உணரும் சின்ன வில்லை அது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, முகத்தில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கோடு ஓடும். அதன் இரண்டு கால்களையும் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் மாட்டினால் விளக்கு வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓம் காட்டும். விரலால் மூடினால் எண் சரசரவென்று ஏறும். முழு இருட்டில் பத்து லட்சம் ஓமுக்குப் போய்விடும். அந்த வில்லைக்கு இருட்டும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. தடை மாறுகிறது, அவ்வளவுதான். 'இருட்டிவிட்டது, விளக்கைப் போடு' என்று முடிவு செய்வது அதற்குப் பின்னால் உள்ள மின்சுற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது? யாராவது உட்கார்ந்து செய்ததா?

செய்த சொல்தான். ஆனால் செய்த அச்சு பழையது. 'உணர்' என்ற வினையோடு 'இ' விகுதி சேர்ந்தால் உணரி. ஒரு பொருள் என்ன வேலை செய்கிறதோ அதையே அதற்குப் பெயராக வைப்பது தமிழில் சாதாரணம்: மண்ணை வெட்டினால் மண்வெட்டி, மரத்தைக் கொத்தினால் மரங்கொத்தி, திசையைக் காட்டினால் திசைகாட்டி. அறிவியல் எழுத வந்தவர்களும் அதே வழியில் கடத்தி, மின்மாற்றி, ஒலிபெருக்கி, வினையூக்கி என்று வைத்தார்கள். உணரி அந்தப் பந்தியில் உட்கார்ந்த சொல். அதனால்தான் முதல் தடவை கேட்பவருக்கும் பாதி புரிந்துவிடுகிறது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது தொட்டாற்சுருங்கி. தொடுவதை உணர்கிறது, இலையை மடக்குகிறது. ஓர் உணரியும் அது சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் பகுதியும் ஒரே செடியில் இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் உணர்வதை விட்டுவிட்டுச் சுருங்குவதைத்தான் பெயராக்கினார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. கதவு திறப்பதைப் பார்த்து 'சென்சார் திறக்குது' என்கிறோம். திறப்பது மோட்டார்.

உணரி, உணர்வி, உணர்கருவி என்று மூன்று பார்த்தேன். எது சரி?

மூன்றையும் எழுதுகிறார்கள். உணர்கருவி நல்ல வினைத்தொகை, ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதன் முன்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் 'ஈரப்பத உணர்கருவி' என்று நீண்டுபோகும். உணர்வியை நான் தொடுவதில்லை. உணர்வித்தல் என்றால் இன்னொருவரை உணரச் செய்தல் என்று ஆகிவிடும். அந்த வாடை வேண்டாம்.

எழுத்துப் பிழை ஒன்றும் உண்டு: உனரி. றன்னகரம் கிடையாது, டண்ணகரம்தான். உணர்வில் வரும் ண.

அப்போ உணர்த்தி என்று எழுதலாமா? அழகாக இருக்கிறதே.

அழகாக இருக்கிறது, வேறு பொருளுக்கு. உணர்தல் தன்வினை, உணர்த்துதல் பிறவினை. புகையை உணரும் பகுதி உணரி. உணர்ந்ததை மணி அடித்து நமக்குத் தெரிவிக்கும் பகுதியை வேண்டுமானால் உணர்த்தி எனலாம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் குழப்பம் வருகிறது. ஒரு கையேட்டில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் மின்கலம் தீர்ந்தபோது எதைச் சோதிப்பது என்று வாசிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

சினிமாவுக்கும் சென்சார், குழாய்க்கும் சென்சார். ரெண்டும் ஒரே சொல்லா?

இல்லை. ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, வேரும் வேறு. குழாயில் உணரும் சென்சார் 'உணர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. படத்தை வெட்டும் சென்சார் 'மதிப்பிடுதல்' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரியின் பதவிப் பெயர் அது. தமிழ் எழுத்தில் இரண்டும் 'சென்சார்' என்று ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

'கதவின் மேல்பகுதி சென்சார் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு வரைவில் எழுதிவிட்டேன். கதவில் அப்படி என்ன ஆபாசம் என்று மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து படத்துக்குத் தணிக்கை, கதவுக்கு உணரி. தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கும் இடங்களில் இது ஒன்று, காரணம் பற்று அல்ல, தெளிவு.

வெப்ப உணரியா, வெப்பவுணரியா? சேர்ப்பதா பிரிப்பதா?

புணர்ச்சிப்படி வெப்பவுணரி, ஒளியுணரி, புகையுணரி, அழுத்தவுணரி. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் யகரம் வரும். வெப்பம், அழுத்தம் போன்றவற்றில் மகரம் கெட்டு வகரம் வரும். அசைவு என்பதில் கடைசி உகரம் போய் அசைவுணரி. சேர்த்து எழுதினால் ஒரே பொருளின் பெயர் என்று தெரியும். பிரித்து எழுதினால் முதல் தடவை படிப்பவருக்கு எளிது, தேடுபவருக்கும் அகப்படும். நான் கட்டுரையில் சேர்க்கிறேன், கருவியின் மேல் ஒட்டும் சீட்டில் பிரிக்கிறேன். இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

பூச்சிக்கு இருக்கிற மீசை உணரிதானே? நம்ம கண் காதெல்லாம்?

பூச்சியின் தலையில் இருப்பதற்கு உணர்கொம்பு என்ற நல்ல பெயர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்த உறுப்புக்கும் வானொலியின் அலைவாங்கிக்கும் ஒரே பெயர் என்பதால் சிலர் வானொலிக்கும் உணர்கொம்பு மாட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம். கண், காது எல்லாம் புலன்கள். உணரியைக் கருவிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நிம்மதி.

வெப்பமானியும் வெப்ப உணரியும் ஒன்றுதானே, ஏன் இரண்டு பெயர்?

மானி அளந்து எண் சொல்லும். உணரி சமிக்ஞை தரும். பாதரச வெப்பமானியில் பாதரசம் விரிவது உணர்தல். பக்கத்தில் கோடு போட்டு எண் எழுதியிருப்பதால் அது மானி ஆகிறது. கலிலியோ காலத்தில் கண்ணாடிக் குழாயில் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சூட்டை ஒப்பிட்டார்கள். அதில் அளவுகோல் கிடையாது. இன்றைய கணக்கில் அது பாதி உணரி.

எண்ணியல் வெப்பமானியின் நுனியில் மணி அளவில் இருப்பது உணரி. திரையோடு சேர்ந்த முழுக் கருவி வெப்பமானி. இதற்கு மாறாக, கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி எண் எதையும் நமக்குக் காட்டுவதில்லை, பெயர் மட்டும் மானி. பழகிவிட்ட பெயரைத் திருத்தப் போவதில்லை.

சுவிட்சும் உணரியா? மைக்? கேமரா?

குளிர்பதனப் பெட்டியின் கதவை மூடும்போது ஒரு சின்னப் பொத்தான் அமுங்கும், உள்விளக்கு அணையும். நீங்கள் விளக்குக்காக அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. கதவு மூடியதைப் பெட்டி தானாகத் தெரிந்துகொண்டது. அங்கே சுவிட்ச் உணரியின் வேலையைச் செய்கிறது. சுவரில் இருக்கும் சுவிட்ச் அப்படியல்ல, அது உங்கள் கட்டளை. பொருள் ஒன்றேதான், எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் பெயர்.

மைக் காற்றழுத்தத்தின் அதிர்வை உணர்கிறது, சந்தேகமில்லாமல் உணரி. கேமராவில் படம் விழும் சில்லில் லட்சக்கணக்கான ஒளியுணரிகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த வழியைத் திறந்த சி.சி.டி. சில்லை 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வடிவமைத்தார்கள். அதற்காக 2009இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைய கைபேசிகளில் இருப்பது அதற்கு அடுத்து வந்த சீமாஸ் வகை.

என் போன்ல எத்தனை உணரி இருக்கும்?

மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் விரல் விட்டு எண்ணினால் கை போதாது. போனைப் படுக்கவைத்தால் படம் திரும்புவது முடுக்கமானியால். விளையாட்டில் போனைச் சுழற்றினால் தெரிவது சுழற்சியுணரியால். வரைபடத்தில் அம்புக்குறி வடக்கைக் காட்டுவது காந்தவுணரியால். வெயிலில் திரை பளிச்சென்று ஆவது ஒளியுணரியால். இவற்றோடு விரல்ரேகை, தொடுதிரை, மைக், கேமராக்கள், உள்ளே சூட்டைப் பார்த்துக்கொள்ளும் வெப்பவுணரிகள்.

காந்தம் வைத்த உறை போட்டிருந்தால் திசைகாட்டி உளறும். உறையைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

போன் பேசும்போது திரை கறுத்துவிடுகிறது, காதிலிருந்து எடுத்தாலும் வருவதில்லை. போர்டு போயிடுச்சா?

முதலில் திரைமேல் ஒட்டிய கண்ணாடியைப் பாருங்கள். காதில் வைத்துப் பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டாகாமல் இருக்க, காதுப்பகுதிக்குப் பக்கத்தில் அண்மையுணரி ஒன்று இருக்கும். அது அகச்சிவப்பு ஒளியை விட்டு, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வந்தால் எதிரே ஏதோ நெருக்கமாக இருக்கிறது என்று பொருள், திரை அணையும்.

என் பழைய போனில் புதுக் கண்ணாடி ஒட்டிய அன்றே இது ஆரம்பித்தது. பழுது பார்ப்பவர் போர்டை மாற்றச் சொன்னார். கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். காதுப்பகுதிக்கு விட்டிருந்த ஓட்டை ஒரு நெல்மணி அளவு தள்ளி விழுந்திருந்தது, ஓரத்துப் பசை சரியாக உணரியின் மேல் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை உரித்ததும் சரியாகிவிட்டது. எதிரே ஏதோ இருக்கிறது என்று உணரி சொன்னது முழு உண்மை. அது என் காது என்று முடிவு செய்தது போன்.

கண்ணுக்குத் தெரியாததை உணரி பார்க்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம், இப்போதே பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையில் உள்ள சின்னக் குமிழைப் போனின் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் ஊதா வெள்ளையாக மினுக்கும். அது அகச்சிவப்பு; சிலிக்கான் சில்லுக்கு அதுவும் வெளிச்சம்தான். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் முயலுங்கள். பல போன்களில் பின்கேமராவுக்குமேல் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லையே, பழுது ரிமோட்டிலா டிவியிலா என்று தெரியாதபோதும் இதே சோதனைதான். மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது.

ஆள் இருந்தால் எரியும் விளக்கு, நான் அசையாமல் உட்கார்ந்தால் அணைந்துபோகிறது. பழுதுதானே?

பழுது இல்லை. அதில் இருப்பது ஆளை உணரும் கருவியே அல்ல. உங்கள் உடம்பு சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வெப்பக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. உணரிக்குள் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதியில் விழும் வெப்பத்துக்கும் மற்றப் பாதியில் விழும் வெப்பத்துக்கும் வித்தியாசம் வந்தால்தான் சமிக்ஞை எழும். மேலே மூடியிருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் குமிழ் அறையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும். ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்கு நகர்ந்தால் வித்தியாசம் வரும். புத்தகத்தில் மூழ்கி உட்கார்ந்திருந்தால் வராது. கையை ஆட்டினால் விளக்கு வந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நடப்பவரை அது கண்டுகொள்ளாது, இந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி சுவர் மாதிரி. அறையின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது மந்தமாகிவிடும், வித்தியாசம் குறைவதால். அதனால் அசைவுணரி என்ற பெயர்கூட முழுக்கச் சரியில்லை. 'நகரும் வெப்பவுணரி' என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

இருட்டினால் தானாக எரியும் விளக்கு சாயங்காலம் ஆனால் மினுக் மினுக் என்கிறதே?

விளக்கின் சொந்த வெளிச்சமே உணரியின் மேல் விழுகிறது. இருட்டு என்று எரிகிறது, எரிந்ததும் வெளிச்சம் என்று அணைகிறது, அணைந்ததும் மறுபடி இருட்டு. உணரியை விளக்குக்குப் பின்பக்கம், வானத்தைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

நல்ல சுற்றுகளில் எரியும் புள்ளிக்கும் அணையும் புள்ளிக்கும் இடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். இதற்கு இயற்பியலில் தயக்கம் என்று பெயர். கலைச்சொற்களில் இவ்வளவு பொருத்தமானதை நான் அதிகம் பார்த்ததில்லை. கொஞ்சம் தயங்கத் தெரிந்த கருவி மினுக்குவதில்லை.

ரெண்டு வெப்பநிலை உணரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ரெண்டும் வேற வேற எண் காட்டுது. எதை நம்புவது?

என்ன எண் என்று கேட்டேன். ஒன்று 31.0625, இன்னொன்று 30.6875. நான்கு தசம இடம் இருப்பதால் அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிட்டார். அவர் வைத்திருந்தது டிஎஸ்18பி20 என்ற பரவலான உணரி. அது 0.0625 டிகிரி படிப்படியாக எண் சொல்லும், ஆனால் தயாரிப்பாளர் உறுதி தருவது அரை டிகிரி கூடக்குறைய இருக்கலாம் என்றுதான். இரண்டுக்கும் வித்தியாசம் 0.375. ஆக இரண்டும் வாக்குத் தவறவில்லை. எவ்வளவு நுணுக்கமாக எண் காட்டுகிறது என்பது பகுதிறன். உண்மைக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறது என்பது துல்லியம். சந்தையில் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

சோதிக்க வேண்டுமானால் ஐஸ் போதும். நன்றாகப் பொடித்த ஐஸை ஒரு குவளையில் நிறைத்து, இடுக்குகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விட்டு, கிளறி, சில நிமிடம் விடுங்கள். நீர் புகாத உறையில் இருக்கும் உணரியை நடுவில் வையுங்கள், அடியிலோ ஓரத்திலோ படவேண்டாம். எண் நின்றதும் பாருங்கள். அங்கே 0 டிகிரி செல்சியஸ் வரவேண்டும். 0.4 வந்தால், அந்த வட்டாரத்தில் அது 0.4 கூட்டிச் சொல்கிறது என்று குறித்துவைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர்.

எண்ணைவிட இடம் முக்கியம் என்பது என் அனுபவம். சுவரில் வெயில் படும் பக்கம் வைத்தால் சுவரின் சூட்டைச் சொல்லும், கருவியின் மின்பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் பலகையின் சூட்டைச் சொல்லும். உணரி தான் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். அறையைப் பற்றிப் பேசுவதாக நினைப்பது நாம்.

புகையுணரிக்கு மூக்கு மாதிரி வாசனை தெரியுமா? குளித்துவிட்டுக் கதவைத் திறந்தாலும் அலறுகிறதே?

வாசனை தெரியாது. ஒரு வகையில் இருட்டான அறைக்குள் ஒளிக்கற்றை ஒன்று போகும், அதன் வழியில் இல்லாமல் ஓரமாக ஓர் ஒளியுணரி இருக்கும். துகள் உள்ளே வந்தால் ஒளி சிதறி உணரியில் படும். புகைத்துகளா நீராவித் துளியா என்று அதற்கு வேற்றுமை இல்லை, சிதறினால் போதும். இன்னொரு வகையில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். அது காற்றை அயனியாக்கி மெல்லிய மின்னோட்டம் ஓடவிடும். புகை நுழைந்தால் ஓட்டம் குறையும்.

எரிவாயு கசிவைப் பார்க்கும் மலிவான உணரிகள் பலவற்றில் சூடாக்கிய டின் ஆக்சைடு இருக்கும். எரியக்கூடிய வாயு பட்டால் அதன் தடை இறங்கும். வாசனைத் தெளிப்பானோ கைகழுவும் ஆல்கஹாலோ பட்டாலும் இறங்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: புகையுணரி கார்பன் மோனாக்சைடை உணராது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கென்று தனி உணரி உண்டு.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ரத்தம் எடுக்காமல் எப்படிச் சொல்கிறது? நம்பலாமா?

இரண்டு ஒளி விரலுக்குள் போகின்றன: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும், ஏறாதது நேர்மாறு. மறுபக்கம் ஓர் ஒளியுணரி. தோல், எலும்பு எல்லாம் கூட ஒளியை உறிஞ்சுமே என்றால், நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைக்கும். 1970களில் இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் தகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர்.

நம்பலாம், சில நிபந்தனைகளோடு. விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தடுமாறும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம். எண் நன்றாக இருக்கிறது, ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளைப் பாருங்கள்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவருக்குக் கத்துகிறது, ஒல்லிக் கம்பிக்குக் கத்தமாட்டேன் என்கிறது. ஏன்?

அது பார்ப்பதில்லை, எதிரொலி கேட்கிறது. நம் காதுக்கு எட்டாத, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, திரும்பிவர எடுக்கும் நேரத்தை எண்ணுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். ஒரு மீட்டரில் சுவர் இருந்தால் போய்த் திரும்ப 6 மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவு. கம்பியில் பட்டுத் திரும்பும் ஒலி சொற்பம். சாய்ந்த பரப்பு ஒலியை வேறு பக்கம் தட்டிவிடும். திரும்பி வராத ஒலி அதற்குக் காலி இடம்.

வண்டியில் இன்ஜின் விளக்கு எரிந்தது, பிழைக் குறியீட்டைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் என்றார்கள், மாற்றினேன், மறுபடியும் எரியுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன், அவசரப்பட்டார்கள். 'இந்த உணரியிலிருந்து வரும் சமிக்ஞை எதிர்பார்த்தபடி இல்லை' என்பதுதான் பிழைக் குறியீட்டின் பொருள். உணரி கெட்டிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். அல்லது புகைக்குழாயில் ஆக்சிஜனைப் பார்க்கும் அந்த உணரி உள்ளதைத்தான் சொல்கிறது, குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே வருகிறது. இதே கதை எனக்கும் நடந்தது. புது உணரி போட்டு இரண்டாம் நாள் விளக்கு வந்தது. கடைசியில் பார்த்தால் இணைப்புக்கு ஒரு சாண் மேலே எலி கடித்த ஒயர், செம்பு பளபளவென்று தெரிந்தது. பழைய உணரியைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

கடையில் போய் உணரி வேணும்னு கேட்டால் சிரிக்கமாட்டாங்களா?

சிரிக்கமாட்டார்கள், புரியாமல் பார்ப்பார்கள். கடையில் சென்சார் என்றே கேளுங்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன். எழுத்தில் உணரி, பேச்சில் சென்சார் என்று இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஸ்மார்ட் சென்சார் என்றால் அது யோசிக்குமா?

உணரியோடு ஒரு சின்னக் கணிப்பொறியையும் அதே சில்லில் வைத்திருக்கிறார்கள். மின்தடையாக இருப்பதை எண்ணாக மாற்றும், பிசிறைச் சலிக்கும், முன்பு சொன்ன அளவுத்திருத்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும். யோசிப்பதாகச் சொல்வது விளம்பரக்காரர் வேலை. கையேட்டில் நான் 'கணிப்புடன் கூடிய உணரி' என்று எழுதுகிறேன். பெட்டியின் மேல் எழுதுபவர்கள் இதை ஏற்பதில்லை.

உணர்வது உயிருள்ளவற்றின் வேலை. தடை மாறும் ஒரு வில்லைக்கு உணரி என்று பெயர் வைப்பதே தப்பில்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. எனக்கு வந்ததிலேயே கடினமான கேள்வி. தொடுவதை மட்டும் அறிவதை ஓரறிவு என்று வகுத்த மொழி இது. அந்த ஓரறிவுகூட இதற்கு இல்லையே, ஏன் உணர்வதாகச் சொல்கிறீர்கள் என்றார். முதல் பதிலில் நானே எழுதியதை எடுத்து என்மேல் வீசினார்: அந்த வில்லைக்கு இருட்டு தெரியாது.

நியாயம்தான். உணரி என்ற பெயர் கருவிக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிடுகிறது. கண்ணாடி ஒட்டிய போனையும் அணைந்துபோகும் விளக்கையும் பார்த்து நமக்குக் கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் என்ன பெயர் வைக்கலாம், ஐயா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "அது மாறுது, அவ்வளவுதானே? மாறின்னு வைங்க." நல்ல பெயர்தான். ஆனால் மாறி ஏற்கெனவே கணக்குப் பாடத்தில் வேலையில் இருக்கிறதே என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்.